இவருடைய சமாதானமும் என் வாயும்

இவரைப் போல நல்ல மனிதர் ஊரில் இல்லை என்பார்கள். அடுத்த மூச்சிலேயே, "மனுசிதான் வாய்க்காரி" என்பார்கள். இந்த இரண்டும் ஒரே வீட்டுக்குள் எப்படி வந்து சேர்ந்தன என்று ஒருவரும் யோசித்ததில்லை. நான் யோசித்திருக்கிறேன். கலியாணம் முடித்த நாளிலிருந்து பன்னிரண்டு வருஷம் யோசித்தேன்.

என் கணவருக்கு "மாட்டேன்" என்ற சொல் வாயில் வராது. மறுக்கவேண்டிய இடத்திலெல்லாம் "பாப்பம்" என்பார். வீட்டில் குரல் கொஞ்சம் உயர்ந்தால் போதும், மாட்டுக்குத் தண்ணீர் வைக்கவேண்டும் என்ற நினைவு வந்துவிடும். அந்த மாடு ஒரு நாளைக்கு எத்தனை தரம்தான் தண்ணீர் குடித்ததோ! கோபம் வந்தால் சுருட்டை வாயில் வைப்பார், பற்றவைக்க மாட்டார். அதைக் கொண்டுதான் இவருக்கும் கோபம் வரும் என்று கண்டுபிடித்தேன்.

வெளிநாட்டிலிருந்து மிளகாய் வருவது நின்றுபோன காலம். வலிகாமத்துச் செம்மண் முழுக்க மிளகாய்தான். அச்சுவேலிப் பக்கம் எனக்குச் சீதனமாக வந்த துண்டுக் காணி சும்மா கிடந்தது. ஒற்றைக்காலில் நின்று அதில் நானே கன்று நட்டேன். பக்கத்துத் தோட்டம் இவருடைய தம்பி செய்தான். கிணறும் இறைப்பு மெசினும் இரண்டு தோட்டத்துக்கும் பொது. ஒரு முறை எங்களுக்கு, மறுமுறை அவனுக்கு.

கன்று பூக்கிற நேரத்தில் பிசகு தொடங்கியது. எங்கள் முறையன்று விடியப் போனால், தம்பி இறைத்துக்கொண்டு நிற்பான். அவன் முடிக்கும்போது கிணற்றில் அடி தெரியும். திரும்ப ஊறப் பின்னேரமாகும், அதுவும் மெசின் போடப் போதாத அரைக் கிணறு. இரண்டு கிழமை இப்படியே போயிற்று. என் கன்றுகள் தலையைத் தொங்கப்போட்டன, பூக் கொட்டியது.

"தம்பியிட்டைக் கேளுங்கோவன்."

"பாப்பம்."

சரி, இந்தத் தடவை நான் வாய் திறப்பதில்லை என்று பிடிவாதமாக இருந்தேன். பெண்சாதியின் தோட்டம் கருகும்போதாவது இந்த மனிதர் ஒரு வார்த்தை சொல்லுவாரா, பார்க்கலாம்!

ஒரு பின்னேரம் போய்ப் பார்த்தால், இவர் ஊறின தண்ணீரை வாளியால் அள்ளிக் கன்று கன்றாக ஊற்றிக்கொண்டிருந்தார். வாயில் சுருட்டு, நெருப்பில்லை. கயிறு உள்ளங்கையை அறுத்திருந்தது. ஒரு வசனம் பேசாமல் தப்புவதற்கு நூறு வாளித் தண்ணீர்! எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அடுத்த எங்கள் முறையன்று விடியவே போய் மெசினுக்கு முன்னால் நின்றேன்.

"தம்பி, நிப்பாட்டு! இண்டைக்கு ஆரின்ரை முறை?"

அவன் முழுசினான். "மச்சாள், நான் ஒவ்வொருக்காலும் அண்ணையிட்டைக் கேட்டுத்தானே இறைக்கிறன். ஓம், நீ இறை எண்டவர்."

எனக்கு முகம் செத்துப்போயிற்று. அவன் களவெடுக்கவில்லை. என் தண்ணீரைத் தூக்கிக் கொடுத்தது இவர்தான்.

அதற்காக நான் விட்டேனா? "அவர் ஆர் கேட்டாலும் ஓம் எண்டுதான் சொல்லுவர். உன்ரை மிளகாய்க்கண்டு நல்லாய் நிக்குது, என்ரையை வந்து பார்! இனிமேல் காணிக்காரியைக் கேள்!" நான் போட்ட சத்தத்தில் தெருவால் போனவர்கள் சைக்கிளை விட்டு இறங்கினார்கள்.

தம்பி என் பாத்திகளைப் பார்த்தான். "இப்பிடி எண்டு அண்ணை ஒரு சொல்லுச் சொல்லேல்லையே" என்றான். தண்ணீரை எங்கள் வாய்க்காலுக்குத் திருப்பிவிட்டுப் போனான்.

சத்தம் அடங்கின பிறகு இவர் மண்வெட்டியோடு வந்தார், மாட்டுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு. பாத்தி பாத்தியாகத் தண்ணீரைத் திருப்பி, கடைசிப் பாத்தியும் நிறைந்ததும் சுருட்டைப் பற்றவைத்தார்.

"நீர் சொன்னதுதான் இரண்டு கிழமையாய் என்ரை மனதுக்குள்ளையும் நிண்டது," என்றார்.

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"நீர் சொல்லுவீர் எண்டு தெரியும்தானே."

பன்னிரண்டு வருஷமாக இவருடைய நல்ல பெயருக்கு நான் சண்டை பிடித்திருக்கிறேன்! அந்த உள்ளங்கைக் காயம் கண்ணில் படாமலிருந்தால், பக்கத்தில் இருந்த வாளியைத் தலையில் கவிழ்த்திருப்பேன்.

"இனிமேல் நான் வாயே திறக்கமாட்டன். எல்லாம் கருகிப் போகட்டும்!" என்றேன்.

இவர் புகையை ஆறுதலாக ஊதிவிட்டு, "பாப்பம்," என்றார்.