காப்புரிமை பற்றி நான் கேட்ட கேள்வி

ஸ்ரீரங்கத்தில் என் வீட்டு மாடி அறையில், நானும் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவரும் ஏழு வருட ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்துத் கணினியை இயக்க, தமிழில் ஒரு லினக்ஸ் இயங்குதளத் தொகுப்பை உருவாக்கினோம். அடித்தளம் எங்களுடையதல்ல. ஒரு வெளிநாட்டு நிறுவனம் இலவசமாக வெளியிடுவதை எடுத்து, எழுத்துரு, விசைப்பலகை, பாடக் காணொளிகளை ஓட்டும் நிரல் எல்லாம் சேர்த்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டோம். எடுத்துக்கொண்டது உப்பிலியபுரம் பக்கம் இருந்த ஒரே ஒரு சின்னக் கல்லூரி. அங்கே நாற்பது கணினிகள். அந்த நாற்பதுதான் எங்கள் உலகம். ஷிஃப்ட் இல்லாத நாளில் நண்பர் சத்திரம் பஸ் நிலையத்தில் பஸ் பிடித்துப் போய் அவற்றைப் பார்த்துவிட்டு வருவார்.

அப்போதுதான் அந்த வெளிநாட்டு நிறுவனம், காப்புரிமைகளை, அதாவது பேட்டன்டுகளை, மூட்டை மூட்டையாக வைத்திருக்கும் இன்னொரு பெரிய நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. சமாதானம் என்று செய்தியில் எழுதினார்கள். முழுவதும் படித்தபோது விஷயம் புரிந்தது. வழக்குப் போட மாட்டோம் என்று அந்தப் பெரிய நிறுவனம் தந்த வாக்குறுதி, அதே தொகுப்பை விலை கொடுத்து வாங்குகிறவர்களுக்கு மட்டும். இலவசமாக எடுத்து, மாற்றி, பிறருக்குக் கொடுப்பவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்களைப் போன்றவர்கள் சும்மா எழுதிக் கொடுத்த நிரலும் சேர்ந்ததுதானே அவர்கள் விற்பது!

“விடுங்க சார், நம்மள யாரு தேடிவந்து கேஸ் போடப்போறா? நம்ம நாட்டுல வெறும் மென்பொருளுக்குக் காப்புரிமையே கிடையாதுன்னு நீங்கதான சொன்னீங்க?” என்றார் நண்பர்.

சொன்னேன்தான். ஆனால் கை சும்மா இருக்கவில்லை. இலவச மென்பொருள் எழுதும் எங்கள் கூட்டத்தில் ஒரு பழக்கம் உண்டு. எந்தச் சந்தேகத்தையும் எல்லோரும் படிக்கும் பொது மின்னஞ்சல் மடற்குழுவில் எழுதித்தான் கேட்போம். தனியாகக் கேட்பது கள்ளத்தனம். எங்கள் காணொளி நிரல் யாருடைய காப்புரிமையையாவது மீறுகிறதா என்று நானும் கேட்டேன். போதாக்குறைக்கு, எந்தக் கல்லூரியில் போட்டிருக்கிறோம் என்பதையும் பெயரோடு எழுதினேன். மடையன்.

யாரும் பதில் எழுதவில்லை. கணினி விற்கும் ஏஜெண்ட் ஒருவர் மட்டும் அதைத் தேடிப் பிடித்து, அச்செடுத்து, கல்லூரி முதல்வரின் மேசையில் வைத்துவிட்டார். முதல்வர் எங்களைக் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனிதர்தான்.

“நீங்களே இப்படி எழுதியிருக்கீங்களே சார், டிரஸ்ட்ல பயப்படுறாங்க. ஒரு பிரச்சினையும் வராதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நான் சமாளிச்சுக்கறேன்.”

நண்பர் என்னைப் பார்த்தார். போட்டுவிடுங்கள் என்று கெஞ்சுகிற பார்வை. தெரியாத ஒன்றைத் தெரியும் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. “அது எனக்கே தெரியலைங்க” என்றேன்.

டிரஸ்ட் எடுத்துவிடச் சொன்னது. மறுவாரம் நாங்களே போய் நாற்பது கணினிகளிலிருந்தும் எங்கள் தொகுப்பை அழித்தோம். ஒவ்வொன்றாக அழித்து முடிக்க மாலையாகிவிட்டது.

அழித்துப் பதினோரு நாள் கழித்து மடற்குழுவில் என் கேள்விக்குப் பதில் வந்தது. இந்தத் துறை தெரிந்த வக்கீல் ஒருவர் எழுதியிருந்தார்: அந்தக் காணொளி முறைக்கான காப்புரிமைகள் எப்போதோ காலாவதியாகிவிட்டன, கவலை வேண்டாம். அச்செடுத்துக்கொண்டு கல்லூரிக்கு ஓடினேன். முதல்வர் படித்துவிட்டு, “அந்த ஏஜெண்ட்கிட்டயே புது சாஃப்ட்வேர் வாங்கிப் போட்டாச்சே சார்” என்றார். ஆய்வகத்தில் பிள்ளைகள் ஆங்கிலத் திரைகளுக்கு முன்னால் கை வைக்கப் பயந்து உட்கார்ந்திருந்தார்கள்.

நண்பருக்கு போன் செய்து வக்கீலின் பதிலைப் படித்துக் காட்டினேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

“அப்ப அன்னைக்கு நீங்க கையெழுத்துப் போட்டிருந்தா, அது பொய்யாக்கூட ஆயிருக்காதே சார்” என்றார். அதற்குப் பிறகு எந்த ஞாயிற்றுக்கிழமையும் அவர் வரவில்லை.