மடையை அடைத்தவன்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் எங்கள் மில் முதலாளிக்குப் படகுப் பைத்தியம் பிடித்தது. மனிதருக்கு நீச்சல் தெரியாது. கடலைப் பார்த்ததே இரண்டு தடவைதான். ஆனாலும் சீமைக்குத் திரும்பிய எஸ்டேட் துரை ஒருவரிடம் மோட்டார் படகை வாங்கி, மலையாளக் கரையில் ஒரு காயலில் கட்டி வைத்தார். கோயமுத்தூர் கிளப்பில் "என்ற மோட்டார் போட்டு" என்று பீற்றிக்கொள்ளத்தான், வேறெதற்கும் இல்லை.

நான் அவர் ஆபீஸ் குமாஸ்தா. பாலக்காட்டில் படித்தவன் என்பதால் மலையாளம் பேச என்னையும் இழுத்துக்கொண்டு போனார். படகோட்டி அவரிடம் நேரே வாய் திறக்கக் கூடாதாம். எதுவானாலும் என் மூலமாகத்தான்.

காயலிலிருந்து உள்ளே வளைந்து போன ஒரு கிளையில் படகை நிறுத்தியிருந்தோம். இரு பக்கமும் கண்டல் மரங்கள் தண்ணீரில் வேரூன்றி நின்றன. மனித வாடையே இல்லை. அப்படியோர் அழகை நான் அதுவரை பார்த்ததில்லை. முதலாளி அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, புளிச்சோற்றை அமுக்கிக்கொண்டே ஸ்பின்னிங் மாஸ்டரை வைதுகொண்டிருந்தார்.

படகோட்டி என்னிடம் வந்தார். ஐம்பது வயதிருக்கும். "வெள்ளம் இறங்ஙும். இப்போ போகணும்" என்றார். தண்ணீர் வடியப் போகிறது, கிளம்பாவிட்டால் தரைதட்டி மாட்டிக்கொள்வோம் என்று விளக்கினார். சாப்பிடுகிற முதலாளியின் முகம் கோணக் கூடாதென்பது என் கவலை.

"ஏனுங்க, கெளம்புனாத் தேவலைங்கறாருங்க. அவசரமில்லீங்க, உங்க சௌரியமுங்க" என்றேன். அத்தனை 'ங்க'வில் எச்சரிக்கை கரைந்தே போயிற்று.

ஒரு மணி நேரத்தில் படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. முதலாளி துள்ளி எழுந்தார்.

"எவன்டா மடைய அடைச்சுப்போட்டவன்? மேல ஆளனுப்பித் தொறக்கச் சொல்லு!"

பவானி வாய்க்கால் பாசனத்துக்காரர். தண்ணீர் குறைந்தால் அவருக்குத் தெரிந்த காரணம் அது ஒன்றுதான். கடலுக்கும் மடை உண்டென்று நம்பிய அந்த மூளையை நினைத்தால் இன்றும் எனக்குக் காறித் துப்பத் தோன்றுகிறது.

கடல் வற்றும், மறுபடி ஏறும் என்று விளக்கினேன். அசடு வழிந்த முகம் உடனே பழி போட ஆள் தேடியது.

"இவன் மொதல்லயே சொல்லோணுமல்லோ? சொன்னானா, இல்லையா?"

படகோட்டி என்னையே பார்த்தார். என் வேலை எனக்குப் பெரிதாக இருந்தது.

"சொல்லலீங்க" என்றேன்.

"நாளைலிருந்து இவன் வேண்டாம்னு சொல்லு."

மலையாளத்தில் சொல்ல வாயெடுத்தேன். படகோட்டி கையமர்த்தினார்.

"வேண்டா சாரே. எனக்குத் தமிழ் தெரியும்."

சாயங்காலம் தண்ணீர் ஏறியதும் எங்களைப் பத்திரமாகக் கரை சேர்த்துவிட்டு அவர் போய்விட்டார். முதலாளியின் மடைக் கதையைச் சொல்லி ஊரில் எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். எப்போதும் மடையோடு நிறுத்திக்கொள்வேன்.