ஈரக்கை

என் அண்ணிக்கு ஈரக்கை என்று பெயர் வைத்தது நான்தான். நாத்தனார் என்று ஒருத்தி இருந்துகொண்டு இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி? கழுவிய தட்டையே மறுபடி கழுவுவாள். டம்ளரில் பாதி காபி இருக்கும்போதே பிடுங்கிக்கொண்டு குழாயடிக்குப் போய்விடுவாள். படகு இயந்திரம் பழுதுபார்க்கும் என் அண்ணன், குழாய் காலியாகும்வரை கிரீஸ் கையோடு வாசலிலேயே நின்று தவம் கிடப்பார்.

அண்ணியும் நானும் கடலோரத்துப் பொரிப்பகம் ஒன்றில் வேலை பார்க்கிறோம். வளர்ப்பது கடல் முள்ளெலி. எலி இல்லை, உடம்பெல்லாம் முள்ளாக, பாறையில் ஒட்டிக்கொண்டு பாசி மேயும் உருண்டை. நோய் வந்து எங்கள் கடலில் இருந்தவை கூண்டோடு போய்விட்டன. மிஞ்சியதைத் தொட்டியில் வைத்து, குஞ்சு பொரித்து, மறுபடி பாறையில் விட வேண்டும். இதற்கு முன்பு அண்ணி மீன் வெட்டும் கொட்டகையில் இருந்தாள். ஐஸில் விரல் மரத்துப்போய் இரவில் அழுவாள். இங்கே அவளுக்கென்று ஒரு மேசை, ஒரு நாற்காலி. அதை விட்டுப் போக அவளுக்கு மனசே இல்லை.

ஊசி போட்டால் பெண் முட்டைகளைக் கடல் நீரில் உதிர்க்கும். ஆணுக்கும் ஊசி போட்டுக் கவிழ்த்து வைத்தால் பால்போல விந்து வடியும். அதை உலர்ந்த தட்டில்தான் பிடிக்க வேண்டும். உலர்வாக, குளிரில் இருக்கும்வரை அது தூங்கும். கடல் நீர் பட்டதோ, எழுந்து நீந்தத் தொடங்கிவிடும். முட்டை கிடைக்காவிட்டால் கொஞ்ச நேரத்தில் ஓய்ந்து செத்துப்போகும்.

இது தெரிந்தவள்தான் அண்ணி. ஆனால் கை கேட்க வேண்டுமே. இந்த சீசனில் முதல்முறை ஊசி போட்ட அன்று சுத்தமான தட்டுகளை எடுத்தவள், பழக்கதோஷத்தில் கடல் நீரில் ஒருமுறை அலசிவிட்டாள். பெண்கள் முட்டையிடத் தாமதமாகிவிட்டது. நுண்ணோக்கியில் பார்த்தால் ஈரத் தட்டில் விழுந்த விந்து ஒன்றிலும் அசைவில்லை. முற்றிய ஆண்கள் அத்தனையும் சுரந்து அன்றோடு காலி.

பொரிப்பகத்தை நடத்தும் மேடம் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. இந்த சீசனில் குஞ்சு வராவிட்டால் தொட்டிகளை மூடச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்திருப்பதாகச் சொன்னார். எல்லாரும் தரையைப் பார்த்தோம். அண்ணி மட்டும் மூலைத் தொட்டியைப் பார்த்தாள். அங்கே ஒரே ஒரு ஆண் இருந்தது. சோதித்தபோது வடிந்தது வெறும் தண்ணீர் மாதிரி இருந்ததால் தேறாது என்று ஒதுக்கியது.

"அத எங்கிட்ட விடுங்க மேடம்," என்றாள். "பழுக்கலன்னாதானே தேறாது? பழுக்க வெக்கிறேன்."

மேடம் யோசித்துவிட்டு, ஊசி போடாத மூன்று பெண்களையும் சேர்த்து அவள் பொறுப்பில் விட்டார்.

அதன் பிறகு வாரக்கணக்கில் அண்ணி மனுஷியாகவே இல்லை. அது மேய மேயப் புதுக் கடற்பாசி கொண்டுவந்து போட்டாள். தண்ணீர் சூடேறாமல் காவல் காத்தாள். வெளிச்சம் அதிகமாகக் கூடாதென்று ஜன்னலில் என் பழைய போர்வையை மாட்டினாள். கேட்டால், உனக்கு ஒரு போர்வை போதாதா என்று என்னையே திருப்பிக் கேட்டாள். புதுமாப்பிள்ளைக்குக்கூட இப்படி உபசாரம் நடந்ததில்லை என்று அண்ணன் புலம்பினார். எனக்கோ நம்பிக்கை இல்லை.

மறுபடி ஊசி போட வேண்டிய நாளில் அண்ணி காலையிலிருந்து தண்ணீரைத் தொடவில்லை. வீட்டில் பாத்திரம் மலைபோலக் கிடந்தது. அண்ணன் தேய்த்தார், நான் அலசினேன். அவள் தூர நின்று, கை பரபரக்க, புடவை முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பொரிப்பகத்தில் ஆணுக்கு ஊசி போட்டுக் கவிழ்த்தாள். தட்டில் கெட்டியாக, வெள்ளையாக இறங்கியது. முதல் பெண்ணின் முட்டைகள் தயாரானதும், ஒரு துளியைத் தனியே நீரில் கரைத்து, அதிலிருந்து அளவாகவே விட்டாள். ஒரு முட்டைக்குள் ஒன்றுக்கு மேல் புகுந்தால் அந்த முட்டை உருப்படாது. இரண்டாவது தவறுக்கு அவள் தயாராக இல்லை.

மேடம் நுண்ணோக்கியில் குனிந்தார். பிறகு நகர்ந்து அண்ணியைப் பார்க்கச் சொன்னார். அவளுக்குப் பின் நானும் பார்த்தேன். ஒவ்வொரு முட்டையைச் சுற்றியும் மெல்லிய சவ்வு எழும்பி வட்டம் கட்டியிருந்தது. உள்ளே ஒன்று புகுந்துவிட்டது, இனி வேறெதற்கும் வழியில்லை என்று அர்த்தம்.

நிமிர்ந்தபோது அண்ணியின் கண் நிறைந்திருந்தது. ஒரு கையில் சொட்டுக்குழாய், இன்னொரு கையில் மீதி விந்து இருந்த தட்டு. சட்டென்று முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டாள்.

"கண்ணத் துடைச்சு விடுடி," என்றாள் என்னிடம். "தட்டுல சொட்டிடப் போகுது. இன்னும் ரெண்டு பொண்ணு பாக்கி இருக்கு."