பெடலில் ஓடிய நாடகம்

"…கதை முக்கியமான இடத்துக்கு வரேக்க மட்டும் ஏன் தம்பி உங்கட வயர் அறுந்துபோகுது?" என்று பாக்கியம் அக்கா கேட்டா. கூடியிருந்த சனம் சிரித்தது.

யுத்த காலம். சம்பூரில் கறண்டும் இல்லை, கடையில் பற்றரியும் இல்லை. நான்தான் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, அதன் டைனமோவில் றேடியோவைப் பூட்டினனான். பெடலைக் கையால் சுற்றினால் பாட்டு வரும், நாடகமும் வரும். ஊரே "எஞ்சினியர்" என்று கூப்பிட, எனக்குத் தலைக்கனமும் வந்தது. ஆனால் நாடகம் சூடுபிடிக்கிற நேரம் பார்த்து றேடியோ வாயை மூடிவிடும். நானும் மூன்று நாளாக வயரை மாற்றிக்கொண்டிருந்தேன்.

"வயரில ஒரு பிழையும் இல்லை. நீங்கள் வாயைப் பிளந்து கதை கேக்கிறீங்கள், கை நிண்டுபோகுது. எஞ்சினியராம்!" என்றா அக்கா.

ஓம், அதுதான் உண்மை. அன்றைக்கு நாடகத்தின் கடைசிப் பகுதி. வேறு ஆட்களைச் சுற்ற விட்டாலும் இதே கதிதான். எல்லாருக்கும் முடிவு தெரிய வேண்டுமே.

இப்போது ஊருக்குக் கறண்ட் வந்துவிட்டது. சுவிச்சைப் போடும்போதெல்லாம் எனக்கு அக்காதான் நினைவுக்கு வருவா. அந்த நாடகத்துக்காகவே அடுப்பை நேரத்தோடு அணைத்துவிட்டு ஓடிவருகிறவ, அன்றைக்கு என்னைக் கதிரையிலிருந்து எழுப்பிவிட்டு அதில் இருந்தா. இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு பெடலைச் சுற்றத் தொடங்கினா.