செருப்பு டோக்கன் ஆன புரோகிராம்

சித்ரா பௌர்ணமியன்று காலை பதினொன்று பத்து. முதலில் கண்ணில் பட்டது ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. அதன் வாரில் என் புரோகிராமின் நாற்பத்திரண்டாம் வரி செருகியிருந்தது.

எண்பதுகளின் தொடக்கம். நான் சென்னையில் கம்ப்யூட்டர் எஞ்சினியரிங் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். அப்போது புரோகிராமை அட்டைகளில் துளையிட்டுத்தான் இயந்திரத்துக்குக் கொடுக்க வேண்டும். வரிக்கு ஓர் அட்டை. வரிசை மாறாமலிருக்க ஒவ்வொன்றின் மூலையிலும் எண் இருக்கும். தொலைந்துவிடுமோ என்ற பயத்தில் ஒரே புரோகிராமை இரண்டு கட்டுகளாக அடித்து வைத்திருந்தேன். மறுநாள் காலை ஒன்பது மணிக்குள் ஒரு கட்டையாவது ஒப்படைக்காவிட்டால் பெயில். புதிதாக அடிக்கலாம் என்றால், துளையிடும் இயந்திரத்துக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

பௌர்ணமிக்கு ஊருக்கு வந்தபோதும் இரண்டு கட்டுகளும் பையில் என்னோடு வந்தன. சித்தப்பா எங்கள் ஊர்க் கோயில் ராஜகோபுரத்துக்கு எதிரே செருப்பு ஸ்டாண்டு வைத்திருந்தார். பையை அவரிடம் விட்டுவிட்டு நான் சாமி பார்க்கப் போயிருந்த நேரத்தில், கூட்டத்தில் டோக்கன் தீர்ந்துவிட, அதைத் திறந்திருக்கிறார். கெட்டியான அட்டை, எண் போட்டது, அதுவும் எண்ணுக்கு இரண்டு. செருப்புக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று.

“சித்தப்பா, அது என் பரீட்சை!”

“ஓட்ட அட்டைதானடா, குப்பைன்னு நெனச்சேன். செருப்புல பாதி கீது, எடுத்துக்க.”

“வாருல சொருவி மடங்கிடுச்சே. மடங்கினது மெஷின்ல போவாது. ஆளுங்க கையில இருக்கறதுதான் வேணும்.”

“அப்ப குந்து. சாமி பாத்துட்டு வரட்டும்.”

மிச்ச அட்டைகளைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். ஏறத்தாழ எண்பது அட்டைகள் கோயிலுக்குள் இருந்தன.

முதலில் திரும்பியவர் கீழ்பென்னாத்தூர்க்கார அம்மாள். அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். “ஏம்பா, டோக்கன எலி கடிச்சிருக்குதே?”

“கம்ப்யூட்டர் டோக்கன்மா. நம்ம பையன் பட்டணத்துலேர்ந்து எடுத்தாந்தான்,” என்றார் சித்தப்பா.

“அப்ப செருப்பு சீக்கிரம் வருமா?”

“இன்னும் லேட்டாவும். பையன் மொதல்ல அட்டையத்தான் பாப்பான்.”

ஒருவர் அட்டையால் விசிறிக்கொண்டே வந்தார். இன்னொருவர் அதில் விபூதியை ஏந்தி வந்தார். துளைகள் வழியாகப் பாதி வழியெல்லாம் கொட்டியிருந்தது. ஓட்டையில்லாத டோக்கன் கொடுக்கக் கூடாதா என்று என்னிடம் சண்டை பிடித்தார்.

கலைந்துபோன எண்களை ஏறுவரிசையில் அடுக்குவதுதான் என் புரோகிராமின் வேலை. மாலை மூன்று மணி வரை அதை நான் கையால் செய்தேன். எல்லாம் சேர்ந்தன, முதல் அட்டையைத் தவிர.

“ஒண்ணாம் நம்பர் யாருகிட்ட?”

“அது போணி. மொத டோக்கன என் செருப்புக்கே சொருவிட்டு, ஜோடிய சாமிகிட்ட வெச்சிடுவேன்,” என்று கல்லாவுக்கு மேலிருந்த சாமி படத்தைக் காட்டினார். அட்டை அங்கே சந்தனம், குங்குமத்தோடு சாய்ந்திருந்தது. “எடுத்தா ராசி போயிடும்டா.”

“எடுக்கலன்னா என் படிப்பு போயிடும்.”

சித்தப்பா படத்தைக் கும்பிட்டார். அட்டையை எடுத்து, இன்னும் கொஞ்சம் குங்குமம் வைத்து நீட்டினார். “தொடச்சிடாத.”

பஸ்ஸில் துடைத்தேன். முழுதாகப் போகவில்லை.

மறுநாள் இயந்திரம் என் முதல் அட்டையிலேயே நின்றது. ஆபரேட்டர் மூடியைத் திறந்து உள்ளே விரலை விட்டார். விரல் சிவப்பாக வெளியே வந்தது. என்னைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், விரலை நெற்றியில் வைத்து இழுத்துக்கொண்டு கட்டை மறுபடி வைத்தார்.

புரோகிராம் பிழையில்லாமல் ஓடியது.