தாய்மாமன் இல்லாத பேனர்

கோபன்ஹேகனில் நான் குடியிருக்கும் தெருவில் ஒரு ரொட்டிக் கடை இருக்கிறது. அது ரொட்டிக் கடை என்று தெரிந்துகொள்ளவே எனக்கு வெகுநாள் ஆயிற்று. வெள்ளைச் சுவர், வெள்ளைப் பலகை, பலகையின் ஓரத்தில் எறும்பு அளவில் ஒரு பெயர். உரிமையாளர் படம் இல்லை, சாமி படம் இல்லை, 'எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை' என்ற எச்சரிக்கையும் இல்லை. திண்டுக்கல்லில் இப்படி ஒரு பலகை மாட்டினால், பெயிண்டர் பாதியில் கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று ஊர் பேசும். இங்கே வாசலில் வரிசை நிற்கிறது.

இந்த மாதிரிப் பலகைகளை யோசிப்பதுதான் என் பிழைப்பு. டிசைனும் பிசினஸும் சேர்ந்த வேலைக்கு என்ன படிக்கலாம் என்று ஊர்ப்பிள்ளைகள் கேட்டு எழுதுகிறார்கள். நான் பொறியியல் படித்தேன். பிடிக்காமல் வடிவமைப்பு படித்தேன். வடிவமைப்பாளனை முக்கியமான கூட்டத்துக்கு யாரும் கூப்பிடுவதில்லை என்ற கடுப்பில் வணிகமும் படித்தேன். இப்போது பிராண்ட் ஸ்ட்ராட்டஜிஸ்ட். ஒரு கம்பெனி யாரிடம் விற்க வேண்டும், அவர்கள் மனதில் என்னவாக நிற்க வேண்டும் என்று முடிவுசெய்து, அதற்கேற்ற முகத்தை உருவாக்கிக் கொடுக்க வேண்டும். படம் வரைகிறவர்கள் என்னைக் கணக்குப்பிள்ளை என்பார்கள், கணக்குப் பார்க்கிறவர்கள் ஓவியன் என்பார்கள். அம்மாவோ, "மூணு படிப்பு படிச்சான், வேலைக்குத்தான் ஒரு பேரில்ல" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். என் மேலாளர் மெத்தே, எதைக் காட்டினாலும் கேட்பது ஒன்றுதான்: "இதில் எதை எடுத்துவிடலாம்?" வந்த புதிதில் எனக்கு இது கஞ்சத்தனமாகப் பட்டது. போகப்போக ரத்தத்தில் ஊறிவிட்டது. அதுதான் வினையாகப் போயிற்று.

அக்கா செல்வியைச் செம்பட்டிப் பக்கம், தக்காளியும் கத்தரியும் போடுகிற வீட்டில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவள் மகளுக்குக் காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். நான்தான் ஒரே தாய்மாமன். எனக்கோ விசா புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம். பதில் வருவதற்குள் நாட்டைவிட்டுப் போனால் திரும்ப உள்ளே விடுவார்களா என்பது நிச்சயமில்லை. பெரியப்பா மகன் முருகேசன் அண்ணன் எனக்குப் பதிலாக மடி கொடுப்பதாக ஏற்பாடு. வர முடியாத வருத்தத்தில், பேனரையாவது நான் செய்து தருகிறேன் என்று வாயை விட்டேன்.

மாலை மாலையாக உட்கார்ந்து செய்தேன். வெளிர்மஞ்சள் பரப்பு; கீழ்மூலையில் குழந்தையின் முகம், காது தெரியும்படி பக்கவாட்டில்; இடம், தேதி. மற்றதெல்லாம் வெறும் இடம். மெத்தேயிடம் காட்டினேன். முதல்முறையாக அவர் எதையும் எடுக்கச் சொல்லவில்லை. திண்டுக்கல்லில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கும் அப்பாஸ் பாய்க்கு அனுப்பியதும் போன் வந்தது.

"தம்பி, ஃபைல் முழுசா வரலபோல. ஆளுகள்லாம் எங்க?"

"அம்புட்டுதான் பாய். டிசைனே அதான்."

"மாஷா அல்லாஹ், பிள்ளை அழகா இருக்கு. ஆனா ஆளுகள்லாம் எங்க?"

அப்படியே அடிக்கச் சொன்னேன். அடித்து, செம்பட்டி முக்கில் கட்டினார்கள். மறுநாள் அக்கா அழைத்தாள். 

"ஏண்டா, நான் ஒனக்கு என்னடா கொற வச்சேன்?"

"என்னக்கா ஆச்சு?"

"தாய்மாமன் படமில்லாம ஒரு காதுகுத்து பேனரா? ஆளும் வரல, போட்டாவும் இல்ல. அக்காவுக்கும் தம்பிக்கும் ஆகலன்னு சந்தை வரைக்கும் பேச்சு. முருகேசன் மடி குடுக்க மாட்டேங்குறான்."

"அது சும்மா வெறும் எடம்க்கா. கண்ணுக்கு எதமா இருக்கட்டும்னு விட்டது."

"யாரை எடுத்த எடம்டா அது?"

 அத்தானின் சித்தப்பா அந்த வெறும் இடத்தின்கீழ் நின்று கையால் அளந்து பார்த்தாராம், தன் படம் சரியாக அடங்கியிருக்கும் என்று. முருகேசன் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அப்பு, நீ கோவமா இருக்கையில ஒன் எடத்துல நான் உக்காந்தா, பங்காளி பறிச்சுக்கிட்டான்னு நாளைக்குப் பேச்சு வரும். எனக்கு எதுக்கு?"

"எனக்குக் கோவமே இல்லண்ணே."

"கோவக்காரன் எவன்டா ஒத்துக்கிருவான்?"

ஒரு பலகையைப் பார்த்து மனிதர்கள் என்ன நினைப்பார்கள் என்று முன்கூட்டியே கணிக்கத்தான் எனக்குச் சம்பளம். சொந்த ஊரில், சொந்த அக்காவை, ஒரே பேனரில் தனியாளாக்கிவிட்டேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சொந்தபந்தம் கூடியிருக்க, மடியில்லாத குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் நடுவில் நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அப்பாஸ் பாயிடம் சரணடைந்தேன். இரு வீட்டு உறவுகளும், செத்தவர்கள் உட்பட, பேனரில் ஏறினார்கள். குழந்தையைவிடப் பெரிதாக நான். பனியில் தடித்த கோட்டோடு எடுத்த படம்தான் என்னிடம் இருந்தது. பாய் கோட்டைக் கழற்றிப் பட்டுச்சட்டை போட்டுவிட்டு, யாருடைய கைகளையோ ஒட்டிக் கும்பிட வைத்திருந்தார். விரலில் நான் அறியாத மோதிரங்கள். தலைக்குமேல் ஒரு விமானம். என் கணினியில் அதைப் பார்த்த மெத்தே, குரலைத் தாழ்த்தி, "இவர்களெல்லாம் காணாமல்போனவர்களா?" என்றார்.

"இல்லை, விருந்துக்கு வருகிறவர்கள்."

"எப்படியும் வரத்தானே போகிறார்கள், படம் எதற்கு?"

"படம் இல்லாவிட்டால் வர மாட்டார்கள்."

நான் வேடிக்கையாகச் சொல்வதாக நினைத்துச் சிரித்துவிட்டுப் போனார்.

பழைய பேனர் இறங்கிப் புதியது ஏறியதும் முருகேசன் அண்ணன் சமாதானமானார். "இப்பப் போர்டுலயே ஒன் படம் இருக்குல்ல" என்றார். அவர் மடியில் குழந்தை வீறிட்டதை, அலுவலகக் கழிப்பறையில் நின்றபடி போனில் பார்த்தேன். அக்கா முகம் தெளிந்திருந்தது. எனக்கு அது போதும் என்று இருந்தது. அந்த மடி என் மடியாக இருந்திருக்க வேண்டும் என்றும் இருந்தது.

விழா முடிந்ததும் பேனரை வீணாக்கவில்லை. மாட்டுக் கொட்டகையில் சாரல் அடிக்கும் பக்கமாக இழுத்துக் கட்டிவிட்டார்கள். போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசினேன். குழந்தைக்கு இப்போது பேச்சு வந்துவிட்டது. அக்கா போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்து, "மாமா எங்க பாப்பா? மாமாவைக் காட்டு" என்றாள். நான் இங்கே பல்லெல்லாம் தெரியச் சிரித்துக் கையை ஆட்டினேன். யாரோ என்பதுபோல் அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு போனைத் தள்ளிவிட்டு, "அந்தா மாமா" என்று கொட்டகைப் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டாள்.