நோரா வீட்டுச் சேவலின் கால்

நீங்கள் சிரிப்பீர்கள், தெரியும். பேய், சகுனம் என்று யாராவது தொடங்கினால் எழும்பிப் போகிற ஆள்தான் நானும். மோர்டனில் எங்கள் பக்கத்து வீட்டு நோரா அயர்லாந்துக்காரர், என் மனைவி ரெஜினாவுக்கு நல்ல கூட்டு. வளர்த்தது நாலு பேட்டுக்கோழி. இடி இடித்தால் முட்டை கூழாகிவிடுமாம், அதற்காக முட்டையிடுகிற இடத்தில் ஓர் இரும்பு ஆணி போடுவார். சேவல் நேரங்கெட்ட நேரத்தில் கூவினால் அதன் காலைத் தொட்டுப் பார்க்க வேண்டுமாம். குளிர்ந்திருந்தால் சாவுச் செய்தி, சூடாக இருந்தால் நல்ல செய்தி. சேவலே இல்லாத வீட்டில் இந்தச் சாத்திரம் எதற்கு என்று நான் பகிடி பண்ணியிருக்கிறேன்.

போன மார்கழியில் நோரா ஊருக்குப் போக, கோழிகளை நாங்கள்தான் பார்த்தோம். அந்த நேரம் பார்த்து மன்னாரில் என் தங்கச்சிக்குப் பிரசவ வலி. பல வருடம் காத்திருந்து வந்த பிள்ளை, டொக்டர்மாரும் நம்பிக்கையாக எதுவும் சொல்லவில்லை. மச்சானுக்குப் போன் எடுத்து எடுத்து அலுத்துவிட்டது, கிடைக்கவேயில்லை. வீட்டுக்குள் இருக்க முடியாமல், பின்னேரம் இருட்டியதும் கூட்டைப் பூட்டப் போனேன், ரெஜினா செபமாலையோடு பின்னால் வந்தாள். கதவில் கை வைக்கிறேன், உள்ளேயிருந்து ஒரு கூவல், கூரைத் தகரமே அதிர்ந்தது.

"இஞ்சேருங்கோ, காலைத் தொட்டுப் பாருங்கோ!"

"உனக்கென்ன விசரே? எல்லாம் பேடு!"

"தொடுங்கோ எண்டுறன்!"

நம்பினால் நம்புங்கள், இருட்டுக்குள் கையை விட்டேன். கோழிகள் ஏறியிருக்கும் தடியின் நடுவில் ஒரு தடித்த கால், பின்னால் சேவலுக்கு இருப்பதுபோல் நீளமாக முள். எனக்கு உயிரே போய்விட்டது, ஆனால் அந்தக் கால் அவ்வளவு சூடு. அப்போதே போன் அடித்தது.

"மச்சான், பொம்பிளைப் பிள்ளை! ரெண்டு பேரும் நல்ல சுகம்!"

மச்சான் அங்கே அழுகிறான், நான் இங்கே அழுகிறேன், ரெஜினா என்னைக் கட்டிப்பிடித்துக் குதிக்கிறாள், கோழிகள் எல்லாம் கொக்கரிக்கின்றன. ஆட்டம் அடங்கிய பிறகுதான் போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தோம். நாலு பேடு, வேறொன்றும் இல்லை.

நோரா வந்ததும் சொன்னோம். அவர் ஆச்சரியப்படவேயில்லை. "சூடாத்தானே இருந்தது?" என்று மட்டும் கேட்டார். நாங்கள் குடிவருமுன் அவரிடம் ஒரு சேவல் இருந்ததாம், செத்ததும் தோட்டத்திலேயே புதைத்தாராம்.

மருமகள் இப்போது நடக்கத் தொடங்கிவிட்டாள், வீடியோவில் கூவச் சொன்னால் கூவியும் காட்டுவாள். நான் இன்றைக்கும் சகுனம் பார்க்கிற ஆள் இல்லை. ஆனால் அந்த நாலு பேடும் இரண்டு அந்தப் பக்கம், இரண்டு இந்தப் பக்கம் என்றுதான் தடியில் உறங்கும், என்ன குளிர் என்றாலும் நடுவில் ஓரிடம் விட்டிருக்கும். போன கிழமை பனி கொட்டியபோது அந்த வெறும் தடியில் கை வைத்துப் பார்த்தேன். சூடாக இருந்தது.